ஆற்றில் விடவேண்டிய நீர் எவ்வளவு?

கல்லடியில் வாழும் சிற்றுயிர்களைக் கொண்டு அதனைக் கணிக்கும் முறை

சிறுபோகத்தின் நடுப்பகுதியிலே மழை ஓய்ந்து, வெயில் ஏறி, வயல்கள் நீருக்கு ஏங்கி நிற்குங் காலத்தில், ஆற்றுக்குக் குறுக்கேயுள்ள அணைக்கட்டின் பலகைகள் யாவும் இடப்படுவதைக் கமக்காரர் அறிவர். அப்போது ஆற்றில் வரும் நீர் ஏறக்குறைய முழுவதும் வாய்க்காலிற் புகுந்துவிடுகின்றது. அணைக்கட்டின் மேற்புறத்தில் நீர் ததும்பி நிற்கக் கீழ்ப்புறத்தில் கற்கள் காய்ந்து வெளுத்து, ஆங்காங்கு சிறு குட்டைகள் மாத்திரம் எஞ்சியிருக்கும்.

அவ்வேளையில் ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழ்வோர், ஆற்றுக்கும் சிறிது நீர் விடவேண்டும் என்பர். மேற்பகுதியிலுள்ளோர், எவ்வளவு விடவேண்டும் என்று கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆயின் அதற்குக் கிடைக்கும் விடைகள் பலவாறாக இருக்கும். ஒருவர் முழங்காலளவு என்பார். மற்றொருவர் கற்கள் நனையுமளவு என்பார். வேறொருவர் ஒரு பலகையை நீக்கினாற் போதும் என்பார். இவை ஒன்றும் அளவாகா. அளவில்லாத பேச்சு பிணக்கிலேயே முடிகின்றது. பிணக்கில் ஆறும் நன்மை பெறுவதில்லை. வயலும் நன்மை பெறுவதில்லை.

ஆற்றில் விடவேண்டிய நீரை அளந்து கணித்தற்கு முறைகள் உண்டு. அவற்றுட் சில, ஆற்றின் அடியிலே கற்களைப் பற்றி வாழும் சிறிய உயிர்களின் தேவைகளை அளவுகோலாகக் கொண்டவை. வாய்க்கால் நீரை அளக்கத் தெரிந்த எவரும் அம்முறைகளின் அடிப்படையை விளங்கிக்கொள்ளலாம். விளங்கிக்கொண்ட கமக்காரர், நீர்ப்பங்கீடு பற்றிய கூட்டங்களில் எவர் எந்த எண்ணைக் கூறினாலும் அஃது எவ்வாறு பெறப்பட்டது என்று கேட்டுத் தெளியும் ஆற்றலுடையோராவர்.

கல்லின் கீழ் வாழ்வன

ஆழங் குறைந்த, கற்கள் நிறைந்த, சலசலவென்று ஓசையெழுப்பி நீர் ஓடுகின்ற பகுதிகள் ஒவ்வோர் ஆற்றிலும் உள்ளன. அத்தகைய ஓரிடத்திற் கையளவான ஒரு கல்லை மெல்ல எடுத்து, அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். தட்டையான உடலும், வால்போன்ற இரண்டு அல்லது மூன்று மயிர்களும் உடைய சிறு பூச்சிகள் கல்லின்மேல் ஓடி மறைவதைக் காணலாம். இவை ஒருநாட்பூச்சிகளின் இளம்பருவம். நீருக்குள் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ வளரும் இப்பூச்சிகள், சிறகு பெற்று வெளியேறியபின் சில மணி நேரமோ ஓரிரு நாட்களோ மட்டுமே வாழ்வன.

அதே கல்லில், மணற்றுணிக்கைகளைத் தம் வாயிலிருந்து வரும் பட்டுநூலால் ஒட்டிக் கூடு அமைத்து, அதனுள் வாழும் புழுக்களும் இருத்தல் கூடும். அவற்றின் உறவினங்களுட் சில கூடு சுமப்பதில்லை. கற்களின் இடைவெளியிலே மீனவர் வலைபோன்ற சிறு வலையைப் பின்னி, ஓடும் நீர் கொண்டுவருந் துணுக்குகளைப் பிடித்து உண்பன. இவற்றோடு தும்பியின் குடம்பிகள், நீர்வண்டுகள், நத்தைகள், சிறு இறால்கள், நண்டுகள் ஆகியனவும் அங்கு வாழும்.

இவற்றாற் கமக்காரருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். ஆற்றில் விழும் சருகுகளைச் சிறு துண்டுகளாக்குவன சில. கல்லிற் படரும் பாசியைச் சுரண்டி உண்பன சில. நீரில் மிதந்துவரும் அழுக்கை வடித்து எடுப்பன சில. ஆற்று மீனின் உணவிற் பெரும்பகுதி இவையே. தும்பியின் குடம்பிகள் நுளம்பின் குடம்பிகளை உண்ணும். அவை வளர்ந்து சிறகு பெற்றபின் வயலின்மேற் பறந்து சிறு பூச்சிகளைப் பிடித்து உண்ணும். எனவே ஆற்றின் கல்லடியில் நிகழ்வது ஆற்றோடு முடிவதில்லை. அதன் பலன் வயலுக்கும் வீட்டுக்கும் வந்து சேர்கின்றது.

அளவுகோலாகக் கொள்ளுதற்கு இவை பொருத்தமானவையாதற்கு வேறொரு காரணமும் உண்டு. நீர் குறையுமிடத்து மீன் ஆழமான குட்டையைத் தேடி நீந்திச் செல்லும். கல்லைப் பற்றிய நத்தையும், கல்லோடு ஒட்டிய கூட்டினுள் இருக்கும் புழுவும் அவ்வாறு விரைந்து இடம்பெயர மாட்டா. கல் காய்ந்தால் அவை மடியும். ஆகவே நீரோட்டத்திற் குறை நேருமிடத்து அதனை முதலில் உணர்வன இவையே.

மூன்று தேவைகள்

ஒவ்வோர் உயிரும் தனக்கு ஏற்ற இடத்திலேயே வாழும். ஆற்றடிச் சிற்றுயிர்களுக்கு அவ்விடத்தைத் தீர்மானிப்பன முக்கியமாக மூன்று: நீரின் ஆழம், நீரின் வேகம், அடித்தளத்தின் தன்மை.

வலை பின்னும் புழுவுக்கு ஓடும் நீர் வேண்டும். நீர் ஓடாவிடின் வலையில் உணவு சேராது. ஒருநாட்பூச்சியின் இளம்பருவம் பூக்களால் மூச்சுவிடுவது. அதனைச் சூழ்ந்த நீர் ஓட்டத்தால் இடைவிடாது புதுப்பிக்கப்பட்டால் அதற்கு வேண்டிய ஒட்சிசன் குறைவின்றிக் கிடைக்கும். ஆயின் வேகம் மிகுந்தால் உயிர்கள் அடித்துச் செல்லப்படும். அடித்தளத்திற் கற்கள் இருப்பின் ஒளிதற்கு இடமுண்டு. கற்களின் இடைவெளிகளை வண்டல் அடைத்துவிட்டால் அவ்விடம் இல்லாதொழியும்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகின்றது. ஆற்றில் எத்தனை இலீற்றர் நீர் ஓடுகின்றது என்பதை மட்டும் அறிதல் போதாது. அந்நீர் அகன்ற படுகையில் மெல்லிய தகடுபோற் பரவி ஓடுகின்றதா, ஒடுங்கிய படுகையில் ஆழமாக ஓடுகின்றதா என்பதையும் அறிதல் வேண்டும். ஒரே அளவு நீர் ஓரிடத்திற் போதியதாயிருக்கும், மற்றோரிடத்திற் போதாததாயிருக்கும்.

கொலராடோவில் எழுந்த கேள்வி

இவ்வகையான கணிப்புமுறைகள் வளர்ந்த இடங்களுள் ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் முக்கியமானது. அங்கேயும் இக்கேள்வி கமக்காரரின் வாய்க்கால்களை ஒட்டியே எழுந்ததாதலால், அதன் வரலாறு இங்குள்ளோரும் அறியத்தக்கது.

கொலராடோ மழை குறைந்த பூமி. றொக்கி மலைத்தொடரிற் பெய்யும் பனி உருகி வரும் நீரை வாய்க்கால்களால் திருப்பியே அங்குக் கமத்தின் பெரும்பகுதி நடைபெற்று வருகின்றது. முந்தி நீர் எடுத்தவருக்கே முந்திய உரிமை என்னும் விதி, 1876ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது. அவ்வுரிமையைப் பெறுதற்கு ஒருவர் நீரை ஆற்றிலிருந்து திருப்பி, ஒரு நற்பயனுக்கு உபயோகித்தல் வேண்டும் என்பதே நெடுங்கால வழக்காக இருந்தது. ஆற்றிலேயே ஓடும் நீர் எவராலும் உபயோகிக்கப்படாத நீராகவே கருதப்பட்டது. இதனால் ஆற்றின் சார்பில் வரிசையில் நிற்பதற்கு ஒருவரும் இல்லை. வறட்சியில் ஓடைகள் பல வெறுங் கற்களாயின.

1973ஆம் ஆண்டில் அம்மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டத்தை இயற்றியது. கொலராடோ நீர்ப் பாதுகாப்புச் சபை, இயற்கைச் சூழலை நியாயமான அளவுக்குப் பேணும்பொருட்டு, ஆற்றிலேயே ஓடவிடும் நீருக்கு உரிமை பெறலாம் என்பது அச்சட்டத்தின் சாரம். இவ்வுரிமையும் பிறவற்றைப்போல வரிசைக்கு உட்பட்டதே. அதற்கு முந்திய கமக்காரரின் உரிமைகள் முந்தியனவாகவே நின்றன. சபையின் உரிமைக்குப் பின்னர் நீர் கேட்டு வருபவரோ, அவ்வுரிமைக்குப் பிந்தியே நிற்றல் வேண்டும். எனவே கடும் வறட்சியில் முந்திய உரிமையாளர் நீரை எடுத்தால் ஓடை வற்றுதல் கூடும். ஆயினும் புதிது புதிதாக எடுப்போரால் ஓடை மேலும் மேலும் குறைந்து போவதற்கு ஒரு தடை ஏற்பட்டது.

சட்டம் வந்தவுடன் அளவு பற்றிய கேள்வியும் வந்தது. உரிமை கோரும் சபை, ஒவ்வோர் ஓடைக்கும் இவ்வளவு நீர் என்று எண்ணிற் கூறவேண்டியதாயிற்று.

ஒரு குறுக்குவெட்டில் மூன்று விதிகள்

அங்குப் பெரிதும் கையாளப்பட்ட முறை 'ஆர்-2 குறொஸ்' எனப்படுவது. அமெரிக்க வனச்சேவையின் இரண்டாம் பிராந்தியத்தைக் குறிப்பதே அப்பெயரிலுள்ள எண். இதன் அடிப்படை எளியது. ஆற்றில் நீர் குறையுமிடத்து முதலில் வெளிப்படுவது சலசலத்து ஓடும் கற்பகுதியே. சிற்றுயிர்கள் மிகுதியாக வாழ்வதும் அங்கேயே. அப்பகுதிக்குப் போதிய நீர் இருக்குமாயின், ஆழமான குட்டைகளுக்கும் போதிய நீர் இருக்கும்.

ஆகவே அப்பகுதியில் ஆற்றின் குறுக்கே ஒரு கயிறு கட்டி, படுகையின் வடிவத்தை அளப்பர். பின்னர் மூன்று விதிகளைப் பார்ப்பர். 20 அடிவரை அகலமுள்ள ஓடைக்கு அவ்விதிகள் பின்வருவன:

1. சராசரி ஆழம் 0.2 அடிக்கு, அதாவது ஏறக்குறைய 6 சதமமீற்றருக்குக் குறையலாகாது.
2. சராசரி வேகம் செக்கனுக்கு 1 அடிக்கு, அதாவது ஏறக்குறைய 30 சதமமீற்றருக்குக் குறையலாகாது.
3. கரைமுட்ட நீர் ஓடும்போது நனையும் படுகையில் அரைப்பங்கேனும் நனைந்திருத்தல் வேண்டும்.

அகன்ற ஓடைகளுக்கு ஆழமும் நனையும் பங்கும் உயர்த்தப்படும். கோடையில் இம்மூன்று விதிகளும் நிறைவேறும் நீரோட்டமும், மாரியில் அவற்றுள் எவையேனும் இரண்டு நிறைவேறும் நீரோட்டமும் வேண்டப்படும்.

எல்லா நாட்களிலும் ஆற்றிற்குச் சென்று அளத்தல் இயலாது. அளக்காத நீர்மட்டங்களுக்குரிய வேகத்தைக் கணிப்பதற்கு அயர்லாந்து நாட்டு எந்திரி றொபேட் மானிங் 1889ஆம் ஆண்டில் முன்வைத்த சமன்பாடு உதவுகின்றது. படுகையின் சாய்வு கூடினால் வேகம் கூடும். ஆழம் கூடினாலும் வேகம் கூடும். கற்களாலும் புல்லாலும் ஏற்படும் தடை கூடினால் வேகம் குறையும் என்பதே அதன் பொருள். நீர்ப்பாசன எந்திரிகள் வாய்க்காலின் அகலத்தையும் சாய்வையும் தீர்மானிப்பதும் இதே சமன்பாட்டினாலேயே. கமக்காரரின் வாய்க்காலுக்கு நீரளந்த கணக்கே ஆற்றின் சிற்றுயிருக்கும் நீரளக்கின்றது.

வாழிடத்துக்குப் புள்ளியிடும் முறை

மூன்று விதிகளும் குறைந்தபட்ச எல்லையைக் காட்டுவன. எல்லைக்கு மேலே நீர் கூடக்கூட வாழிடம் எவ்வளவு கூடும் என்பதை அவை காட்டமாட்டா. இதனை அறியும்பொருட்டு, கொலராடோவிலுள்ள போர்ட் கொலின்ஸ் நகரில் 1976ஆம் ஆண்டில் அமைந்த ஒரு குழுவினர், மீன், வனவிலங்குச் சேவையின் ஆதரவில் விரிவானதொரு முறையை வகுத்தனர். அதன் கணினிப் பகுதி 'பப்சிம்' என்னுஞ் சுருக்கப் பெயரால் வழங்குகின்றது. முதலில் மீன்களுக்கென்று வகுக்கப்பட்ட இம்முறை, பின்னர் ஆற்றடிச் சிற்றுயிர்களுக்கும் கையாளப்பட்டது.

இம்முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பின்வரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. எந்த ஓர் ஆற்றுக்கும் உரியனவல்ல.

5 மீற்றர் அகலமுள்ள ஓர் ஓடையை, ஒவ்வொன்றும் 1 மீற்றர் அகலமுள்ள ஐந்து பட்டைகளாகப் பிரித்துக்கொள்க. ஒவ்வொரு பட்டையிலும் ஆழமும் வேகமும் அளக்கப்படுகின்றன.

1ஆம் பட்டை: ஆழம் 10 சதமமீற்றர், வேகம் செக்கனுக்கு 20 சதமமீற்றர், அடித்தளம் மணல்.
2ஆம் பட்டை: ஆழம் 25, வேகம் 50, அடித்தளம் கல்.
3ஆம் பட்டை: ஆழம் 40, வேகம் 80, அடித்தளம் கல்.
4ஆம் பட்டை: ஆழம் 30; வேகம் 60; அடித்தளம் கல்லும் பரலும்.
5ஆம் பட்டை: ஆழம் 10; வேகம் 25; அடித்தளம் மணல்.

ஒவ்வொரு பட்டையின் அகலத்தையும் ஆழத்தையும் வேகத்தையும் பெருக்கி, ஐந்தையும் கூட்டினால் ஓடையின் நீரோட்டம் செக்கனுக்கு 670 இலீற்றர் என்பது பெறப்படும்.

அடுத்து, ஆராயப்படும் உயிருக்கு ஒவ்வொரு பட்டையும் எவ்வளவு ஏற்றது என்று புள்ளியிடுதல் வேண்டும். முற்றிலும் ஏற்றதாயின் 1. சிறிதும் ஏலாததாயின் 0. இடைப்பட்டதாயின் இடைப்பட்ட பின்னம். ஆழத்துக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று, அடித்தளத்துக்கு ஒன்று என மூன்று புள்ளிகளை இட்டு அவற்றைப் பெருக்குவர். ஓடையில் 10 மீற்றர் நீளத்தை எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு பட்டையின் பரப்பும் 10 சதுர மீற்றராகும். புள்ளிப் பெருக்கத்தை அப்பரப்பாற் பெருக்கினால், அப்பட்டையிலுள்ள பயன்படு வாழிடம் பெறப்படும்.

தட்டையுடல் ஒருநாட்பூச்சிக்கு 2ஆம் பட்டை ஆழத்தில் 0.9, வேகத்தில் 1, அடித்தளத்தில் 1 பெறுமாயின், அதன் பயன்படு வாழிடம் 9 சதுர மீற்றர். நடுப்பட்டை ஆழத்திலும் அடித்தளத்திலும் முழுப்புள்ளி பெற்றும், வேகம் மிகுந்ததால் 0.7 மட்டுமே பெற்று 7 சதுர மீற்றராகின்றது. 4ஆம் பட்டை ஆழத்திலும் வேகத்திலும் முழுப்புள்ளியும், அடித்தளத்தில் 0.8உம் பெற்று 8 சதுர மீற்றராகின்றது. கரையோரப் பட்டைகள் ஆழங் குறைந்து, வேகங் குறைந்து, மணலாகவும் இருப்பதால் முறையே 0.6உம் 0.8உம் மட்டுமே பெறுகின்றன. யாவற்றையுங் கூட்டினால் 25.4 சதுர மீற்றர். நனைந்த பரப்பு 50 சதுர மீற்றராயினும், அவ்வுயிருக்குப் பயன்படுவது ஏறக்குறைய அரைப்பங்கே.

இனி, மழை ஓய்ந்து நீர்மட்டம் 15 சதமமீற்றர் தாழ்ந்தபின் மீண்டும் அளப்பதாகக் கொள்க. கரையோரப் பட்டைகள் இரண்டும் காய்ந்துவிட்டன. எஞ்சிய மூன்று பட்டைகளின் ஆழங்கள் முறையே 10, 25, 15 சதமமீற்றர். வேகங்கள் 20, 40, 25. நீரோட்டம் செக்கனுக்கு ஏறக்குறைய 158 இலீற்றர்; அதாவது முந்தியதிற் காற்பங்குக்குச் சற்றுக் குறைவு. இந்த ஆழங்களுக்கும் வேகங்களுக்கும் உரிய புள்ளிகளை இட்டுப் பெருக்கினாற் பயன்படு வாழிடம் 10.3 சதுர மீற்றர். அதாவது முந்தியதில் ஐந்தில் இரண்டு பங்கு.

இவ்விரண்டு கணக்குகளையும் ஒப்பிடுதல் பயனுடையது. முதலாவதாக, நீர் குறைந்த விகிதமும் வாழிடம் குறைந்த விகிதமும் ஒன்றல்ல. இரண்டாவதாக, 158 இலீற்றர் ஓடும்போது சராசரி ஆழம் ஏறக்குறைய 17 சதமமீற்றர். சராசரி வேகம் செக்கனுக்கு 31 சதமமீற்றர். படுகையில் ஐந்தில் மூன்று பங்கு நனைந்துள்ளது. எனவே மேற்கூறிய மூன்று விதிகளும் நிறைவேறுகின்றன. வேகம் மட்டும் எல்லையை ஒட்டி நிற்கின்றது. விதிகளின்படி ஓடை தப்பியது. எனினும் வாழிடத்தில் ஐந்தில் மூன்று பங்கு இழக்கப்பட்டுவிட்டது. குறைந்தபட்சம் என்பது உயிர்கள் பிழைத்திருத்தற்குரிய அளவு. செழித்து வாழ்தற்குரிய அளவு அன்று. கூட்டத்தில் ஒருவர் ஓர் எண்ணைக் கூறுமிடத்து, அஃது இவ்விரண்டில் எதற்குரியது என்று கேட்டறிதல் அவசியம்.

பல நீரோட்டங்களுக்கு இவ்வாறு கணித்து வரைபடம் வரைந்தால், வாழிடம் முதலில் விரைந்து கூடி, பின் மெல்லக் கூடி, ஓரளவுக்குமேல் வேக மிகுதியாற் குறையத் தொடங்குவதைக் காணலாம். மெல்லக் கூடும் இடமே பங்கீடு பேசுதற்கு ஏற்ற இடம். அங்கே ஆற்றுக்கு நட்டம் சிறிதாகவும் வயலுக்கு இலாபம் பெரிதாகவும் அமையும். அதற்குக் கீழே, ஒவ்வொரு இலீற்றர் நீரை எடுப்பதும் ஆற்றுக்குப் பெருநட்டமாகும்.

இக்கணக்கின் குறைபாடுகள்

எந்தக் கணக்கும் அதன் எல்லையை அறிந்து கையாளத்தக்கது. பயன்படு வாழிடம் கூடினால் உயிர்களின் தொகையும் அதே விகிதத்திற் கூடும் என்று சொல்லுதற்கில்லை. இக்குறையை எடுத்துக்காட்டிய விமர்சனக் கட்டுரையொன்று 1985ஆம் ஆண்டிலேயே கனடாவின் ஆய்விதழொன்றில் வெளிவந்தது. இடம் இருந்தும், நீரில் நஞ்சு கலந்திருப்பின் அல்லது நீர் மிகச் சூடேறியிருப்பின் உயிர்கள் வாழமாட்டா. வீடு கட்டி வைத்தால் மட்டும் குடி வந்துவிடாது.

மேலும், பட்டையின் சராசரி வேகம் கல்லை ஒட்டியுள்ள வேகம் அன்று. அடியிற் கற்களின் தடையால் நீர் மெதுவாகவே ஓடும். சிற்றுயிர் உணர்வது அந்த அடிநீரின் விசையையே. இதனை அளத்தற்கு ஸ்டாட்ஸ்னர், முல்லர் என்னும் ஆய்வாளர் 1989ஆம் ஆண்டில் எளியதொரு கருவியை வெளியிட்டனர். ஒரே பருமனும் வெவ்வேறு நிறையும் உடைய 24 அரைக்கோளங்களை ஆற்றடியில் மட்டமாக வைத்த தட்டின்மேல் ஒவ்வொன்றாக வைப்பர். நீர் அசைக்கக்கூடியவற்றுள் மிக நிறைகூடியது எது என்பதைக் கொண்டு அடிநீரின் விசையை அறிவர். 1990களில் ஜேர்மனியின் ஸ்ருட்காட் பல்கலைக்கழகத்தில் உருவான 'கசிமிர்' என்னும் கணினி முறை, ஆற்றடிச் சிற்றுயிர்களுக்கு இவ்வரைக்கோள அளவுகளைப் பயன்படுத்துகின்றது.

மூன்றாவது குறை, ஒரே எண்ணை ஆண்டு முழுவதுக்கும் கொள்வதால் வருவது. ஆற்றுக்கு வெள்ளமும் வேண்டும். வெள்ளமே கற்களின் இடைவெளியில் அடைந்த வண்டலைக் கழுவி அகற்றுகின்றது. அவ்வாறே, மின்னுற்பத்திக்காக மதகைத் திடீரெனத் திறந்து திடீரென மூடுமிடத்து, நாளின் சராசரி நீரோட்டம் போதியதாயிருந்தாலும், சிற்றுயிர்கள் ஒரு வேளை அடித்துச் செல்லப்பட்டு மறுவேளை காய்ந்து மடியும்.

இலங்கை ஆறுகளில்

கொலராடோவில் இட்ட புள்ளிகளை அப்படியே இங்குக் கொணர்தல் தகாது. அவை குளிர்ந்த பனிநீர் ஓடைகளுக்குரியன. இலங்கையின் ஆறுகள் வெப்பநாட்டு ஆறுகள். அவற்றில் வாழ்வனவும் வேறு. இந்நாட்டில் ஏறக்குறைய ஐம்பது நன்னீர் நண்டினங்கள் அறியப்பட்டுள்ளன; அவற்றுட் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. சில ஒருசில மலையோடைகளில் மாத்திரம் வாழ்வன. அத்தகைய ஓடை ஒன்று வற்றினால் இழக்கப்படுவது அவ்வூருக்கு மட்டும் உரிய நட்டம் அன்று.

ஆற்றுக்கு விடவேண்டிய நீர் பற்றிய ஆய்வு இந்நாட்டிலும் தொடங்கியுள்ளது. கொழும்பைத் தலைமையகமாகக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகம், வளவை கங்கையின் நீரியலையும் ஆற்றுச் சூழலுக்கு வேண்டிய நீரோட்டத்தையும் பற்றிய ஆய்வொன்றை 2005ஆம் ஆண்டில் வெளியிட்டது. உடவளவை நீர்த்தேக்கத்தின்கீழ்ப் பெருந்தொகையான கமக்காரர் வேளாண்மை செய்யும் ஆறு அது. அவ்வாய்வு நீரோட்டப் பதிவுகளை அடிப்படையாகக் கொண்டது. அத்தகைய ஆய்வுகளோடு, அந்தந்த ஆற்றின் கல்லடியில் எவ்வுயிர் எந்த ஆழத்திலும் வேகத்திலும் வாழ்கின்றது என்பதையும் அளந்து சேர்த்தால் கணக்கு நிறைவுறும்.

கமக்காரர் செய்யத்தக்கவை

1. அணைக்கட்டின் கீழே, சலசலத்து ஓடும் பகுதியில் ஓர் அளவுகோற் கம்பத்தை நாட்டி, வாரந்தோறும் நீர்மட்டத்தைக் குறித்து வைத்தல் நன்று. ஓரிரு போகங்களின் குறிப்பு, நினைவிலிருந்து பேசும் பேச்சிலும் பெறுமதி வாய்ந்தது.

2. நீரோட்டத்தை ஏறக்குறைய அறிவதற்குக் கருவி வேண்டியதில்லை. நேராக ஓடும் பகுதியில் 10 மீற்றரை அளந்து, பாதி நீர் நிரப்பி மூடிய சிறு போத்தலை மிதக்கவிட்டு நேரத்தைப் பார்க்க. 20 செக்கன் எடுப்பின் மேற்பரப்பு வேகம் செக்கனுக்கு 50 சதமமீற்றர். மேற்பரப்பு நீர் அடிநீரிலும் விரைவாக ஓடுவதால், இதனை 0.85ஆற் பெருக்கிச் சராசரி வேகத்தைப் பெறுக. அதனை அகலத்தாலும் சராசரி ஆழத்தாலும் பெருக்கினால் நீரோட்டம் பெறப்படும். மூன்று முறை செய்து சராசரி எடுத்தல் வேண்டும்.

3. நீர் மிகக் குறைந்த நாட்களில் ஆற்றை மண்மூட்டைகளால் முற்றாக அடைத்தலைத் தவிர்த்தல் வேண்டும். ஒரு சிறு வழியேனும் ஓடவிட்டாற் கல்லடி காயாது. முறைவைத்து நீர் பாய்ச்சுதல், வரம்பின் நண்டுவளைகளையும் வாய்க்காலின் கசிவுகளையும் அடைத்தல், வரம்புமட்டத்துக்கு நீர் தேக்காது வேண்டிய அளவே தேக்குதல் ஆகியவற்றால் அவ்வாறு விட்ட நீரை வயலிலேயே மீட்டுக்கொள்ளலாம்.

4. தெளிகருவிகளை ஆற்றிலோ வாய்க்காலிலோ கழுவுதல் ஆகாது. வயற்பூச்சிக்கு இட்ட நஞ்சு ஆற்றுப்பூச்சியையும் கொல்லும். வயற்பீடையைத் தின்னும் தும்பியின் இளம்பருவமும் அதனுள் அடங்கும்.

5. மரக்கறித் தோட்டங்களிலிருந்து மண் கழுவுண்டு ஆற்றிற் சேராதவாறு கரையோரப் புல்லையும் மரங்களையும் விட்டுவைத்தல் வேண்டும். கல்லின் இடைவெளியை அடைக்கும் வண்டல், நீர்க்குறைவுக்கு ஒப்பான கேட்டை விளைக்கும்.

6. ஆண்டுக்கு இருமுறையேனும், நீர் நிறைந்த காலத்திலும் குறைந்த காலத்திலும், அதே இடத்தில் ஐந்தாறு கற்களைத் திருப்பிப் பார்த்து, காணும் உயிர்களைக் குறித்தல் நன்று. பாடசாலைப் பிள்ளைகள் இதனை விருப்போடு செய்வர். பார்த்தபின் கற்களை முன்போல மெல்ல வைத்தல் வேண்டும்.

ஆற்றுநீரைப் பங்கிடும்போது நெல்லுக்கு வேண்டிய நீரைக் கமக்காரர் கணக்கிட்டுக் கேட்கின்றனர்; மின்னுக்கு வேண்டிய நீரை எந்திரிகள் கணக்கிட்டுக் கேட்கின்றனர். கல்லடியில் வாழும் உயிர் கூட்டத்துக்கு வந்து கேட்கமாட்டாது. அதன் பங்கையும் ஆழத்தாலும் வேகத்தாலும் அளந்து கூறுதல் இயலும். அவ்வளவை அறிந்த கமக்காரர், வேண்டியதற்கு மேல் ஒரு துளியையும் இழக்கார். வேண்டியதற்குக் கீழே ஆற்றை வற்றவும் விடார். அடுத்த சிறுபோகத்தில் அணைக்கட்டுக்குப் பலகையிடச் செல்லுமுன், அதன் கீழ்ப்புறத்திலுள்ள ஒரு கல்லைத் திருப்பிப் பார்த்துச் செல்லுதல் இவ்வறிவுக்குத் தொடக்கமாகும்.